அனுராதபுரத்துக்கு முதல்தரம் போற வன்னி ஆக்களுக்கு

எங்கட பக்கத்து ஆக்களிட்ட அனுராதபுரம் போயிருக்கிறீங்களோ எண்டு கேட்டா ஓமெண்டுதான் சொல்லுவினம். அங்க என்ன பாத்தனீங்கள் எண்டு கேட்டா பதில் வேற மாதிரி வரும். ஒராள் பெரியாஸ்பத்திரி எண்டுவார், இன்னொராள் கொழும்பு பஸ் ரீ குடிக்க நிப்பாட்டின கடை எண்டுவார், இன்னும் கொஞ்சப் பேர் உள்ளுக்க இருந்த பிள்ளையைப் பாக்க சிறைச்சாலை வாசலில வெயிலுக்க நிண்ட கதை சொல்லுவினம். வவுனியாவில இருந்து 60 கிலோமீட்டருக்கு உள்ளதான் தூரம், உலகத்தின்ர மற்றப் பக்கத்தில இருந்தெல்லாம் சனம் பிளேன் ஏறி வந்து பாக்குது, நாங்கள் நாப்பது வயசு வரைக்கும் பஸ் கண்ணாடியால வெள்ளைக் கும்பம் ஒண்டைப் பாத்ததோட சரி.

நானும் அப்படித்தான். முதல்தரம் போனது ஒரு சித்திரை மாசம், மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போய் இறங்கி, செருப்பைக் கழட்டிப்போட்டு கல்லில கால் வச்ச உடனயே துள்ளத் தொடங்கி, ஒரு நாளுக்குள்ள எல்லாத்தையும் பாக்கோணும் எண்டு ஓடி, கடைசியா மியூசியத்துக்குப் போக அவங்கள் கதவைச் சாத்திக்கொண்டு நிக்கிறாங்கள். வீட்டை வந்து யோசிச்சா கல்லுத்தூண், கல்லுத்தூண், இன்னும் கல்லுத்தூண், அவ்வளவுதான் ஞாபகம். இரண்டாம்தரம் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனன். மனுசன் முப்பது வருசம் குளத்து வேலையில இருந்தவர், துருசு எண்ட குளத்து மதகு திறக்கிறது, வாய்க்கால் பாக்கிறது, மாரியில குளக்கட்டில படுத்திருந்து காவல் காக்கிறது. அவர்தான் எனக்கு அனுராதபுரத்தைக் காட்டினது எண்டு சொல்லலாம். சரித்திரம் படிச்சவரில்ல, ஆனா அது குளத்தால வந்த ஊர், குளம் தெரிஞ்சவருக்கு முக்கால்வாசி அங்க போகமுதலே விளங்கியிருக்கும். அதால இதை வன்னி ஆக்களுக்கெண்டே எழுதுறன், முதல்தரம் போறவை என்ன ஒழுங்கில பாத்தா நல்லம் எண்டு.

போகமுதல் வவுனியாவில ஒரு அரை மணித்தியாலம்

இது கனபேர் செய்யாத வேலை. வவுனியா ரவுணுக்குள்ளயே தொல்லியல் திணைக்களத்தின்ர மியூசியம் ஒண்டு இருக்கு. சின்னது. அரை மணித்தியாலம் காணும். அதுக்குள்ள கிளிநொச்சிப் பக்கத்தில எடுத்த சுடுமண் உருவங்கள் இருக்கு, 4ஆம் 5ஆம் நூற்றாண்டு எண்டு போட்டிருக்கு, கன்னம் ஊதின மாதிரி முகங்கள், பாக்கச் சிரிப்பு வரும். நடுவில இருக்கிற பகுதியில பழைய புத்தர் சிலைகள், 5ஆம் நூற்றாண்டில இருந்து 8ஆம் நூற்றாண்டு வரைக்கும் உள்ளது. இதை முதல் பாருங்கோ எண்டு நான் சொல்லுறது ஏனெண்டா, அனுராதபுரத்துக்குப் போய் மலை மாதிரி ஒண்டைப் பாத்து வாயைப் பிளக்கமுதல், அதே காலத்து மண்ணும் கல்லும் எங்கட வயலுக்கடியிலயும் கிடக்கு எண்டது தலைக்குள்ள ஏறினா பிறகு பாக்கிற பார்வை வேற. "உது எங்கட மண்தானடா, நிறம் பார்" எண்டார் பெரியப்பா. காவலுக்கு நிண்ட பிள்ளை சிரிச்சுது.

எப்ப போறது, என்ன கொண்டு போறது

காலமை வெள்ளன வெளிக்கிடுங்கோ, இதில விட்டுக்குடுக்காதேங்கோ. வவுனியா பஸ் ஸ்ராண்டில அனுராதபுரம் பஸ் எடுக்கலாம், றெயினும் இருக்கு, றெயின் நேரம் மாறிக்கொண்டு இருக்கிறதால முதல்நாளே ஸ்ரேசனில கேளுங்கோ. பஸ் மதவாச்சி தாண்டி றம்பேவ வரைக்கும் ஏ9 இல போய் அங்க வலப்பக்கம் திரும்பும். அனுராதபுரத்தில பஸ் ஸ்ராண்ட் இரண்டு, பழையது புதுசு எண்டு. பழைய பஸ் ஸ்ராண்டில இறங்கினாத்தான் புனித நகர்ப்பக்கம் கிட்ட, கொண்டக்டரிட்ட ஏறேக்கயே சொல்லி வையுங்கோ.

மாசம் எண்டு கேட்டா தை, மாசி நல்லம். மாரி முடிஞ்சு குளமெல்லாம் நிறைஞ்சு நிக்கும், வெயிலும் அவ்வளவு சுடாது. ஆனி மாசத்துப் பொசன் போயா எண்ட பௌத்தப் பௌர்ணமி நாளுக்கு அந்த ஊர் நிறையச் சனம், லட்சக்கணக்கில வெள்ளை உடுப்போட வருவினம், றோட்டு நீளத்துக்கு தன்சல் எண்டு சாப்பாடு சும்மா குடுப்பினம், அது ஒரு அனுபவம்தான், ஆனா கட்டிடம் பாக்கிறதுக்கு அது நாளில்ல. போயா, அரச விடுமுறை நாளுகளில மியூசியத்தை நம்பிப் போகாதேங்கோ. திருத்தவேலை எண்டும் சில காலம் மூடி வச்சிருப்பினம், கேட்டுப்போட்டுப் போறது புத்தி.

உடுப்பு: தோள் மூடியிருக்கோணும், முழங்கால் மூடியிருக்கோணும், வெள்ளை இல்லாட்டி வெளிர் நிறம் நல்லம். வேட்டி, சாறி, பஞ்சாபி எல்லாம் பிரச்சினை இல்ல. கோயில் பக்கம் போகேக்க செருப்போட தொப்பியும் கழட்டோணும். இதில ஒரு சூட்சுமம், தடிச்ச சொக்ஸ் ஒரு சோடி பையுக்க வையுங்கோ, பத்தரை மணிக்குப் பிறகு அந்தக் கல்லு தோசைக்கல்லு. ஐசி, அதுதான் அடையாள அட்டை, கட்டாயம். உள்ளூர் ஆக்களுக்கு இடிபாடுகள் பாக்க பெரும்பாலும் காசில்ல, சில இடத்தில மட்டும் சின்னக் காசு எடுக்கிறவை. ஆனா கனடா, லண்டனில இருந்து வந்த மச்சாள்மார் கூட வந்தா அவைக்கு வெளிநாட்டு ரிக்கற்றுத்தான், அது டொலரில வரும், "அவையும் தமிழாக்கள்தானே" எண்டு வாசலில நிண்டு கதைச்சு மானத்தை வாங்காதேங்கோ. அவையிட்ட புத்தர் படம் போட்ட ரீசேட்டோ பச்சை குத்தினதோ இருந்தா வீட்டிலயே மறைச்சுக்கொண்டு வரச் சொல்லுங்கோ. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டு போட்டோ எடுக்கிறது அங்க பெரிய பிழை, செல்பி எண்டாலே முதுகுதானே, அதால செல்பியை குளக்கட்டில வச்சுக்கொள்ளுங்கோ.

பாசை. கடைக்காரர், ஓட்டோக்காரர் கனபேருக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும், ஆனா எல்லாருக்கும் இல்ல. கீயத எண்டா எவ்வளவு, கொஹெத எண்டா எங்க, வதுர எண்டா தண்ணி, மியூசியத்துக்கு கௌதுகாகாரய. இந்த நாலோட நான் ஒரு நாள் ஓட்டியிருக்கிறன். ஒருக்கா ஒரு ஐயாவிட்ட என்ர அரைகுறைச் சிங்களத்தில வழி கேக்க, அவர் ஆறுதலா முழுக்கக் கேட்டுப்போட்டு "நேரா போங்க தம்பி" எண்டார்.

சுத்திப் பாக்க சைக்கிள் வாடகைக்குக் குடுக்கினம், இடங்கள் ஒண்டுக்கொண்டு நடக்கேலாத தூரம். வயசாக்கள் கூட வந்தா ஓட்டோ பிடிச்சு அரை நாளுக்குப் பேசி எடுங்கோ, எந்தெந்த இடம் எண்டு ஏறமுதலே சொல்லி விலையைப் பேசுங்கோ. சாப்பாட்டுப் பார்சலில மச்சம் வேண்டாம், மரக்கறி கட்டிக்கொண்டு போங்கோ. குரங்குக்குக் கையில பை தெரியக்கூடாது, பெரியப்பாவின்ர வாழைப்பழம் நாலும் பத்து நிமிசத்தில போயிட்டுது.

மியூசியத்தை முதல் பாருங்கோ

எல்லாரும் முதல் போதி மரம், பிறகு தாதுகோபம் எண்ட பெரிய தூபிகள், களைச்ச பிறகு மியூசியம் எண்டு போவினம். மாத்திச் செய்யுங்கோ. வெளியில நிக்கிறது வெறும் எலும்பு, அதுக்கு மேல என்ன சதை இருந்தது எண்டு தெரிய மியூசியத்துக்குத்தான் போகோணும். மூண்டு இடம் இருக்கு. பழைய கச்சேரி, அதாவது அரச அலுவலகம், இருந்த கட்டிடத்தில இருக்கிற தொல்லியல் மியூசியம், ஜேதவனராமைய எண்ட தாதுகோபத்துப் பக்கத்தில ஒண்டு, அபயகிரி எண்ட பழைய மடத்துப் பக்கத்தில சீனாவின்ர உதவியோட கட்டின ஒண்டு. சீனா ஏனெண்டா 5ஆம் நூற்றாண்டு தொடக்கத்தில பாஹியன் எண்ட சீனத் துறவி வந்து இரண்டு வருசம் இஞ்ச இருந்தவர், அபயகிரியில மட்டும் 5000 துறவிமார் எண்டு எழுதி வச்சிட்டுப் போயிருக்கிறார். மூண்டும் பாக்க நேரமில்லாட்டி ஜேதவன மியூசியத்தை விடாதேங்கோ.

அங்க பெரிய சாமானைத் தேடாதேங்கோ, சின்னனைப் பாருங்கோ. கண்ணாடிப் பெட்டிக்குள்ள மணிகள், கண்ணுக்குத் தெரியாத அளவு துளை போட்ட மணிகள், பொன்னில செய்த துண்டுகள், யானைத் தந்தம், சங்கு, வெளிநாட்டுப் பீங்கான் துண்டுகள். மூண்டு வாய் உள்ள சுடுமண் குழாய் ஒண்டு இருக்கு, எல்லாரும் தாண்டிப் போற சாமான். பெரியப்பா அதுக்கு முன்னால பத்து நிமிசம் நிண்டார். ஒரு குழாயில வாற தண்ணியை இரண்டாப் பிரிக்கிறது, இண்டைக்கு ஹார்ட்வெயாரில நாங்கள் ரீ எண்டு வாங்குற அதே சாமான், மண்ணில செய்து சுட்டு வச்சிருக்கிறாங்கள்.

இன்னொண்டு, செதுக்கின மூத்திரக் கல்லு. ஓம், அதுதான். தவத்துறவிமார் மேற்குப் பக்கத்துக் காட்டோர மடங்களில இருந்தவை, சிலையும் வைக்கேல்ல, சித்திர வேலையும் செய்யேல்ல, எல்லாம் மொட்டைச் சுவர், ஆனா மூத்திரம் பெய்யிற கல்லில மட்டும் மாடமாளிகை மாதிரி சித்திர வேலை. வசதியாக வாழுற மற்ற மடங்களின்ர ஆடம்பரத்தில மூத்திரம் பெய்யிறம் எண்டு காட்டத்தான் அப்படிச் செய்தவை எண்டு ஆராய்ச்சிக்காரர் விளக்கம் சொல்லுவினம். சண்டை பிடிக்கிறதுக்கு இப்படியும் ஒரு வழி.

சதுரம் சதுரமா குழி வெட்டின கல்லுப் பலகைகளும் இருக்கும், யந்திரகல எண்டு பேர். சிலைக்கு அடியில வைக்கிறது, ஒவ்வொரு குழிக்குள்ளயும் ஒரு பெறுமதியான சாமான் போட்டு மேல சிலையை நிறுத்துறது. எங்கட கோயிலில விக்கிரகத்துக்கு அடியில யந்திரத் தகடு வைச்சு மருந்து சாத்துறதைப் பாத்தவைக்கு இதை விளக்கத் தேவையில்ல.

கல்வெட்டுப் பக்கம் போனா கொஞ்சம் நில்லுங்கோ. அபயகிரிப் பக்கத்தில 1940கள் அளவில வாசிச்சு வெளியிட்ட பிராமிக் கல்வெட்டு ஒண்டு, தமிழ்க் குடும்பத் தலைவர்மாரின்ர மண்டபம் எண்டு சொல்லுது, கட்டினவர் சமணன் எண்ட ஒரு தமிழர், அதில ஆராருக்கு எந்த இருக்கை எண்டு பேரோட வெட்டியிருக்கு, அதில ஒராள் கராவன் எண்ட கப்பல் தலைவன். கிறிஸ்துவுக்கு முந்தின காலத்து எழுத்து. இன்னொண்டு கன பிந்தினது, தமிழாக்கள் கட்டின மாக்கோதைப்பள்ளி எண்ட பௌத்தப் பள்ளியைப் பற்றி வெண்பாவில, "போதி நிழலமர்ந்த புண்ணியன்" எண்டு தொடங்குது. நல்ல சுத்தமான தமிழ். அந்த ஊர் ஆற்ற எண்டு சண்டை பிடிக்கிற இரண்டு பக்கத்தாரும் இந்த இரண்டு கல்லையும் ஒருக்கா வாசிச்சிட்டு வந்து கதைச்சா நல்லம் எண்டது என்ர எண்ணம்.

கட்டிடத்தை வாசிக்கிறது

இப்ப வெளியில வாங்கோ. முதல்ல விளங்க வேண்டியது, உந்தக் கல்லுத்தூணெல்லாம் கட்டிடமில்ல, கட்டிடத்தின்ர கால். மேல மரம், மேல ஓடு, எல்லாம் எரிஞ்சும் உக்கியும் போச்சு. லோவாமகாபாய எண்ட இடத்தில 1600 தூண் நிக்குது, நாப்பது வரிசை, வரிசைக்கு நாப்பது, மேல ஒன்பது மாடி இருந்தது, கூரை வெண்கல ஓடு எண்டு மகாவம்சம் எண்ட பழைய வரலாற்று நூல் சொல்லுது. அது எரிஞ்சு எரிஞ்சு திரும்பத் திரும்பக் கட்டுப்பட்டது. வெறுந் தூணைப் பாத்து நிக்கிறவைக்கு அலுப்பு வரும், அதுக்கு மேல ஒரு மரவீட்டை மனசில ஏத்திப் பாத்தா அலுப்பு வராது.

பிறகு வாசற்படி. ஒவ்வொரு வாசலிலயும் ஒரே ஒழுங்குதான், ஒருக்கா பழகினா எல்லா இடமும் வாசிக்கலாம். நிலத்தில அரைவட்டக் கல்லு, சந்திரவட்டக் கல் எண்டுவினம், சிங்களத்தில சந்தகடபஹண. வெளியில நெருப்புச் சுவாலை, அடுத்தது யானை, குதிரை, சிங்கம், மாடு ஒண்டுக்குப் பின்னால ஒண்டு, பிறகு கொடி, பிறகு அன்னம், நடுவில தாமரை. நல்லது பாக்கோணுமெண்டா அபயகிரிப் பக்கம் மகாசேனன் மாளிகை எண்டு சொல்லுற இடத்துக்குப் போங்கோ, பேர்தான் மாளிகை, உண்மையில அது துறவிமார் இருந்த கட்டிடம். இதில ஒரு சின்ன விசயம், சோழர் 993 அளவில அனுராதபுரத்தை அடிச்சு, தலைநகர் பொலநறுவைக்குப் போன பிறகு அங்க செய்த சந்திரவட்டக் கல்லில மாடு இருக்காது. மாட்டை மிதிக்கக்கூடாது எண்ட சைவ எண்ணம் வந்ததாலதான் எண்டு விளக்கம் சொல்லுவினம். கல்லில இருந்து ஒரு மாடு இறங்கிப் போன கதை.

படிக்கு இரண்டு பக்கமும் நிமிந்து நிக்கிறது காவற்கல். அதில அஞ்சு தலை, ஏழு தலை நாகம் குடை பிடிக்க ஒரு அரசன் நிப்பார், ஒரு கையில பூங்கொப்பு, மற்றக் கையில என்ன எண்டு பாருங்கோ, நிறைகுடம். பூவும் இலையும் வழிய வழிய. எங்கட வீட்டுக் கலியாணத்துக்கு வாசலில மேசை போட்டு வைக்கிற அதே சாமான். இரத்தினபிரசாதய எண்ட இடத்தில நிக்கிறதுதான் எல்லாத்திலயும் வடிவு. அபயகிரித் தாதுகோபத்து வாசலில இரண்டு குள்ளர், ஒராள் தலையில சங்கு, மற்றவர் தலையில தாமரை. சங்கநிதி, பதுமநிதி. தேவாரத்தில சின்ன வயசில பாடமாக்கின சொல்லு கல்லில நிண்டு சிரிக்குது, எனக்கு உடம்பு ஒருக்கா சிலிர்த்துது.

தாதுகோபங்கள். தூபாராமதான் ஆகப் பழசு, தேவநம்பிய தீசன் காலம். இப்ப மணி மாதிரி நிக்கிறது 1862இல திருத்தினபிறகு வந்த உருவம், முந்தி அது நெற்குவியல் உருவமாம். இந்த உருவங்களுக்கெல்லாம் பேர் இருக்கு, நீர்க்குமிழி, மணி, பானை, தாமரை, நெற்குவியல். சூடு அடிச்சு தூத்தி களத்தில பொலி குவிச்சு வச்சதைப் பாத்த கண்ணுக்கு அந்த வளைவு தெரியும், கொட்டிவிட்ட நெல் தானா எடுக்கிற சரிவு. றுவன்வெலிசாய துட்டகைமுனு எண்ட சிங்கள அரசன் கட்டத் தொடங்கினது, இப்ப 103 மீற்றர் உயரம் வெள்ளையா நிக்குது, சுத்தவர யானை மதில்.

ஜேதவனராமையதான் என்ர கட்சி. வெள்ளை பூசாமல் செங்கல் நிறத்திலயே நிக்குது. மகாசேனன் காலம், 3ஆம் நூற்றாண்டு, கட்டேக்க 122 மீற்றர், அந்தக் காலத்து உலகத்தில எகிப்துப் பிரமிட் இரண்டைத் தவிர இதைவிட உயரமா ஒண்டுமில்ல. செங்கல் 9 கோடிக்கு மேல எண்டு கணக்குப் போட்டிருக்கினம். இப்ப மேல உடைஞ்சு 71 மீற்றர் அளவுதான். அடித்தளம் கீழ பாறை வரைக்கும் போகுது. ஒரு செங்கல்லுக்கும் மற்றதுக்கும் இடையில சீமெந்து மாதிரித் தடிப்பாக ஒண்டுமில்ல, நல்லா அரிச்செடுத்த களித்தண்ணி மெல்லிசாப் பூசினதுதான். வீட்டுத்திட்டத்துக்கு கல்லு அரிஞ்ச ஆக்கள் எங்கட ஊரில ஆரும் இருந்தா கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ, அவைக்குத்தான் 9 கோடி எண்டா என்ன எண்டு விளங்கும்.

தண்ணி

கட்டிடம் பாத்து முடிய எல்லாரும் வெளிக்கிட்டிடுவினம். வன்னி ஆக்களுக்கு உண்மையான விருந்து இனித்தான்.

குட்டம் பொக்குண எண்ட இரட்டைக் குளத்துக்குப் போங்கோ. குளம் எண்டாலும் கேணி எண்டு சொல்லுறதுதான் சரி, துறவிமார் குளிக்கிறதுக்கு. பெரியது 40 மீற்றர் நீளம், படி எல்லாம் கருங்கல், வெட்டு ஒண்டோடொண்டு ஒட்டினமாதிரி. எல்லாரும் அஞ்சுதலை நாகத்துக்குப் பக்கத்தில நிண்டு படம் எடுப்பினம். நீங்கள் தண்ணி வாற வாயைத் தேடுங்கோ. கேணிக்குள்ள தண்ணி நேர விழாது, முதல் சின்னத் தொட்டிக்குள்ள வந்து நிண்டு, மண்டி அடியில தங்கி, மேல தெளிஞ்சதுதான் உள்ளுக்க போகும். பெரியப்பா குனிஞ்சு பாத்திட்டு "வண்டல் விடுற தொட்டியடா" எண்டார். அவ்வளவுதான் சொன்னது. ஆனா பிறகு அரை மணித்தியாலம் அந்த இடத்தை விட்டு ஆள் வரேல்ல. அபயகிரிப் பக்கம் யானைக்குளம் எண்டு இன்னொண்டு இருக்கு, 159 மீற்றர் நீளம், அதையும் பாத்துக்கொள்ளுங்கோ.

ஊரைச் சுத்தி மூண்டு பெரிய குளம். பசவக்குளம், பாண்டுகாபயன் கட்டினது எண்டு சொல்லுறது. திசாவாவி, தேவநம்பிய தீசன். நுவரவாவிதான் பெரியது. இவ்வளவு துறவியும் சனமும் ஒரு காஞ்ச நிலத்தில எப்படி இருந்தது எண்டா இந்தக் குளத்தாலதான். அதுவும் காணாமல் 5ஆம் நூற்றாண்டில தாதுசேனன் கலாவாவியைக் கட்டி, அங்க இருந்து திசாவாவிக்கு 87 கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டியிருக்கிறான், யோத எல எண்டு பேர். அதின்ர முதல் 17 மைலுக்கு சரிவு மைலுக்கு ஆறு இஞ்சிதான். மைலுக்கு ஆறு இஞ்சி. இதை நான் போனில வாசிச்சுக் காட்ட பெரியப்பா நம்பேல்ல, திரும்ப வாசி எண்டார். பிறகு எங்கட ஊரில கால் மைல் வாய்க்காலில கடைசி வயலுக்குத் தண்ணி போகாம வருசா வருசம் நடக்கிற சண்டையையும், அதில வெட்டுவாங்கின மண்வெட்டிப் பிடியையும் பற்றி ஒரு கதை வந்துது, அது இஞ்ச வேண்டாம்.

பழைய குளத்துத் துருசுகளில பிசோகொட்டுவ எண்டு ஒண்டு, கட்டுக்குள்ள கல்லால கட்டின சதுரக் கிணறு மாதிரி. பெருங்குளத்துத் தண்ணி அமத்தத்தோட வந்து கட்டை அறுக்காமல் அதுக்குள்ள வேகம் குறைஞ்சு போகத்தான் அது. வெள்ளைக்காரன் காலத்து எஞ்சினியர்மாரே அதைக் கண்டு அதிசயப்பட்டு எழுதினவை. எங்கட பக்கத்திலயும் பழைய குளங்களைத் திருத்தேக்க இப்படிக் கல்லுகள் வந்திருக்கு எண்டார் பெரியப்பா. வவுனிக்குளத்தை எல்லாளன் எண்ட தமிழ் அரசன்ர காலத்துக் குளம் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுறதும் தெரியும்தானே.

எல்லாளன் எண்டு வந்திட்டுது. அந்த ஊரில எல்லாளன் சமாதி எங்க எண்டு எங்கட ஆக்கள் கட்டாயம் கேப்பினம். மகாவம்சமே சொல்லுது, 44 வருசம் நீதியா ஆண்டவன், துட்டகைமுனு வென்ற பிறகு அவனுக்கு மரியாதையோட கிரியை செய்து, சமாதியைத் தாண்டிப் போறவை மேளதாளத்தை நிப்பாட்டோணும் எண்டு கட்டளை போட்டவன் எண்டு. வெள்ளைக்காரருக்கு எதிரான 1818 கிளர்ச்சியில தோத்து ஒளிச்சோடின கண்டிப் பிரதானி பிலிமத்தலாவ கூட, இடம் சரியாத் தெரியாட்டியும் பல்லக்கால இறங்கி கனதூரம் நடந்துதான் போனவர் எண்டு வெள்ளைக்காரர் எழுதி வச்சிருக்கினம். தக்கின தூபி எண்ட இடத்தைத்தான் கனகாலம் எல்லாளன் சமாதி எண்டு சொல்லிக்கொண்டு வந்தவை, 1940களுக்குப் பிறகு தொல்லியல் திணைக்களம் அது துட்டகைமுனுவை எரிச்ச இடம் எண்டு மாத்திப்போட்டுது. போய்ப் பாருங்கோ, செங்கல் மேடு, புல்லு, சத்தமில்ல. நாங்கள் போகேக்க ஒரு சிங்களக் குடும்பம் மர நிழலில சாப்பிட்டுக்கொண்டிருந்தது, பெரியப்பா கொஞ்சநேரம் நிண்டிட்டு தோள்துண்டை எடுத்துக் கையில வச்சுக்கொண்டு நடந்தார். நானும் ஒண்டும் கேக்கேல்ல.

போதி மரமும் இசுறுமுனியவும்

சிறீ மகா போதிக்கு மத்தியான வெயில் தணிய, மூண்டு மணிக்குப் பிறகு போங்கோ. புத்தர் ஞானம் பெற்ற அரசமரத்தில இருந்து அசோகன்ர மகள் சங்கமித்தை கொண்டுவந்த கிளை எண்டு கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில இருந்து பாதுகாத்து வாற மரம். வாசலில செக்கிங் இருக்கும். 1985 வைகாசியில இந்த வளவுக்குள்ளயும் ரவுணிலயும் புலிகள் நூற்றுக்கு மேல சனத்தைச் சுட்டுக் கொன்றவை, கும்பிட வந்த சனம். அது அங்கத்தையான் ஆக்களுக்கு மறக்கேலாத நாள், எங்களுக்கு மறக்கேலாத நாளுகள் இருக்கிற மாதிரி. பையைத் திறக்கச் சொன்னா முகம் சுழிக்காமல் திறவுங்கோ. உள்ளுக்க போனா நடக்கிறதே சத்தமில்லாமத்தான் நடக்கினம், தாமரைப்பூ வாங்கி வைக்க விருப்பமெண்டா வைக்கலாம், ஆரும் நீங்கள் ஆர் எண்டு கேக்க மாட்டினம்.

இசுறுமுனிய எண்ட பாறைக் கோயில் கிட்டத்தான். பாறையில தண்ணியில இறங்குற யானைகள் செதுக்கியிருக்கு, மகாபலிபுரத்துப் பல்லவர் வேலையைப் படத்தில பாத்தவை உடன அடையாளம் காணுவினம். காதலர் சிலையையும் ஒருக்கா பாத்திட்டு வாங்கோ, சனம் நிறைய நிக்கும், அஞ்சு நிமிசத்துக்கு மேல நிக்கேலாது.

அங்க இருந்து நடந்து திசாவாவிக் கட்டில ஏறுங்கோ. ஆறு மணிக்குக் கிட்ட. இந்த நேரத்துக்காகத்தான் ஒழுங்கை இப்படி வச்சனான், கட்டில நிண்டு திரும்பிப் பாத்தா மரங்களுக்கு மேலால தாதுகோபங்கள் தெரியும். வவுனியா பஸ்ஸுக்கு நேரம் பாத்து வையுங்கோ, இருட்டினால் பஸ் குறைவு, ஓட்டோக்காரரைக் கட்டடியில நிக்கச் சொன்னா சுகம்.

பெரியப்பா கீழ இறங்கி தண்ணியில காலைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில ஒராள் தூண்டில் போட்டுக்கொண்டு நிண்டவர். இவருக்குச் சிங்களம் வராது, அவருக்குத் தமிழ் வராது. இவர் குளத்தைக் காட்டி, கையை நிலத்தில இருந்து மேல மேல உயர்த்தி எத்தினை அடி எண்டு கேட்டார். அந்தாள் ஒருக்கா யோசிச்சிட்டு, தூண்டிலை முழங்காலுக்கிடையில வச்சுக்கொண்டு, இரண்டு கையையும் விரிச்சு பத்து விரலும் காட்டி, பிறகு ஒரு விரலை மட்டும் மடக்கினார்.